அரைக்கதை அகிம்

கரைமான் சிலுவைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ச் சரித்திரம் சொல்கிற வழிகாட்டிகள் எங்கள் புஷ்டேனி ஊரில் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். எல்லோரும் கதையை முழுசாகச் சொல்வார்கள். ஒரு ராணி கனவு கண்டாள், கனவில் மலை உச்சியில் சிலுவை தெரிந்தது, அதனால் கட்டினார்கள் என்று ஆரம்பித்து, கேட்பவர்கள் மூக்கை உறிஞ்சும்வரை விடமாட்டார்கள். அகிம் மட்டும் வேறு ரகம். மலைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு இடி லேசாக உறுமினால் போதும், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்.

"அப்புறம் என்னங்க ஆச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

"அப்புறம் எல்லாரும் செத்துப்போனாங்க. நாம சாக வேணாம், நடங்க" என்பார்.

அரைக்கதை என்று ஊரில் அவருக்குப் பெயர் வைத்தது இதனால்தான். காசு கொடுத்து வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? முழுக் கதை கேட்கவில்லை, சிலுவையடியில் நின்று படம் எடுக்க விடவில்லை, ஆட்டுமந்தையை ஓட்டுவதுபோல் ஓட்டினார் என்று புகார் எழுதிப் போடுவார்கள். இத்தனைக்கும் அவர் பயந்து கிளம்பிய நாட்களில் பாதி நாள் ஒரு துளி மழைகூடப் பெய்ததில்லை. இன்னும் ஒரு புகார் வந்தால் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போகலாம் என்று சுற்றுலா அலுவலகத்தில் போன வருஷமே சொல்லிவிட்டார்கள்.

அவரைப் பற்றி நான் எழுதுவது ஊருக்கே வேடிக்கையாக இருக்கும். போன வருஷம்வரை பதினோரு வருஷம் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. மனசுக்குள் 'அவன்' என்றுதான் சொல்லிவந்தேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றுதான் வருகிறது, நானும் திருத்தவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அகிம் முன்பு எலெக்ட்ரீஷியன். அந்தச் சிலுவையில் நூற்றிருபது விளக்குகள் உண்டு. கிறிஸ்து விண்ணேறிய திருநாளில் அதை ஏற்றுவார்கள், கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எரிந்துபோன விளக்கை மாற்றுகிற வேலை ஒரு ஒப்பந்தக்காரரிடம் இருந்தது, அவரிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் அகிம். இன்னொருவர் ஜெலு, என் புருஷன். எங்கள் கல்யாணத்தில் பெரிய மெழுகுவர்த்தி பிடித்துத் துணை நின்றதும் அகிம்தான். எங்களில் அது பெற்றவனுக்குச் சமமான உறவு. அண்ணே, அண்ணே என்று நானும் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தவள்தான்.

திருநாளுக்கு முந்தின மத்தியானம் ஜெலு சிலுவையின் இடது கைமேல் இருந்தான், அகிம் அடியில் நின்றார். இடி கேட்டது. "ஒரே ஒரு விளக்குதான் பாக்கி" என்று ஜெலு மேலிருந்து கத்தினான். "சரி, சீக்கிரம்" என்றார் அகிம். அவ்வளவுதான், மின்னல் சிலுவைமேல் விழுந்தது, ஜெலு உயிரோடு இறங்கவில்லை. விசாரணையில் இதை அவர் வாயாலேயே சொன்னார். அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்கள் யாரும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. இடி கேட்கவே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன். சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆறாமல் போனதற்கு அந்த உண்மையும் ஒரு காரணம்.

நாற்பதாம் நாள் திதி. எங்களில் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமைக்கொட்டையும் சேர்த்துத் தட்டில் மெழுகி, மேலே சிலுவை வரைந்து கோலிவா செய்வோம். பாதிரியார் ஜெபம் முடித்து 'நித்திய நினைவு' பாடும்போது எல்லோரும் அந்தத் தட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட வேண்டும், அவர் தோளைப் பின்னால் நிற்பவர். கோயில் முழுக்க ஒரே சங்கிலி. அன்றைக்கு என் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், அகிம். "கையை எடு" என்றேன், கோயிலுக்கே கேட்கும்படி. எடுத்தார். அதற்கப்புறம் ஏழு வருஷமும் ஜெலுவின் திதிக்கு வந்து கோயில் வாசல் கேட்டருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார், உள்ளே வரமாட்டார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வயிற்றுப் பிழைப்புக்கு நான் கோலிவா செய்து விற்க ஆரம்பித்தேன். அவர் மின்வேலையை விட்டுவிட்டு வழிகாட்டி ஆனார். வருஷா வருஷம் பனி உருகியதும் கையில் கடிகாரத்தோடு சிலுவையடிக்குப் போய், அங்கிருந்து மேற்கே இறங்குகிற சரிவில் ஒரு குழிவுவரை ஓடிப் பார்ப்பாராம். முன்னூற்று நாற்பது அடி. யாராவது ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எவ்வளவு நேரம் என்று கல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டும் ஓடுவாராம். பைத்தியம் முற்றிவிட்டது என்று கேபிள் கார் ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதுவும் வாய்விட்டு.

போன வருஷம் திருநாளுக்குப் ப்ளோயெஷ்த் நகரிலிருந்து தெஸ்பினா என்கிற அம்மா ஒரு கோலிவா சொல்லியிருந்தார். நாலு தலைமுறையாக ரயில்வே குடும்பம். மகன் யூலியான் ரயில் பெட்டிகளைக் கோக்கிற இடத்தில் நசுங்கி இறந்துபோனான். இருபத்தொன்பது வயசு. அந்தச் சிலுவையே போரில் செத்த ரயில்காரர்களுக்காக வைத்ததுதான், அதனால் அங்கேயே திதி கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. அது ஏழாம் வருஷம். எங்களில் ஏழோடு திதி முடிந்தது, அதற்கப்புறம் கிடையாது. அவருக்கு முழங்கால் சரியில்லாததால் தட்டை மேலே தூக்கி வருவதும் என் பொறுப்பு என்று பேச்சு. ஒப்புக்கொண்டேன்.

கேபிள் கார் நிலையத்துக்குப் போனால் கழுத்தில் அட்டையோடு அகிம் நிற்கிறார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கோலிவாவைக் கையில் எடுத்தபின் பாதி வழியில் இறக்கிவைப்பது எங்களில் வழக்கமில்லை. நான் தெஸ்பினாம்மாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

பத்து மணிக்கெல்லாம் மலைமேல் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். பாதிரியார் கலிஸ்த்ராத் திருநாள் பூசையை முடித்துக்கொண்டு வர நேரமாகிவிட்டது, முப்பது வயசுகூட ஆகாத பையன். அப்புறம் கேபிள் காருக்கு வரிசை, ஊரே வந்திருந்தது. மேலே பாபேலே நிலையத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை.

அகிம் தலைகளை எண்ணினார். "சாமியோட சேர்த்துப் பத்துப் பேர். கேட்டுக்குங்க. மூணு மணிக்கு மேல மழைன்னு சொல்லியிருக்காங்க. அது ரெண்டுக்கே வரும். சிலுவையடியில பத்து நிமிஷம். திதியைச் சுருக்கமா முடிச்சுக்கணும்."

தெஸ்பினாம்மாவின் மருமகன் ரெமுஸ் சிரித்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற கண்.

"வானத்தைப் பாருங்கண்ணே, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு அரைக்கதைன்னு பேராமே? கீழேயே சொன்னாங்க. காசு மட்டும் முழுசா வாங்கறீங்க, கதை மட்டும் ஏன் பாதி?"

"மீதிப் பாதியைக் கீழ வந்து சொல்றேன். நடங்க."

"பத்து நிமிஷத்துல என் பிள்ளைக்குத் திதி முடிக்க முடியாதுப்பா" என்றார் தெஸ்பினாம்மா. "அவசரமா முடிக்கிறதுக்கு அவன் என்ன ரயிலா பிடிக்கப் போறான்?"

அகிமின் கண் மேற்கே போய்ப் போய் வந்தது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட ஜன்னல் பக்கமாகத்தான் உட்காருவார்.

ஒரு மணி நேர நடை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பிடித்துக்கொள்ளப் பாறையில் எஃகுக் கயிறு அடித்திருக்கிறார்கள். நிழல் விழுகிற இடங்களில் இன்னும் பனி கிடந்தது. தெஸ்பினாம்மா பத்தடிக்கு ஒருதரம் நின்றார். அகிம் அந்த நேரத்தில் கதை சொன்னார். ராணியின் கனவெல்லாம் இல்லை. எஃகுத் துண்டுகளை எருதுகள் எப்படி மேலே இழுத்தன, ரயில்காரர்கள் குளிரில் எப்படி ஆணி அடித்தார்கள், கோடையில் மட்டும்தான் வேலை நடக்கும் என்பதால் எத்தனை வருஷம் இழுத்தது என்று. அவர் சொன்னால் அந்த எருதின் மூச்சுச் சத்தம் நமக்குக் கேட்கும். பாதிரியார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். ரெமுஸ்கூடப் பரிகாசத்தை விட்டுவிட்டு, "அந்த எருதுங்க இறங்கும்போது எப்படி இறங்கிச்சு?" என்று கேட்டான்.

"இறங்கறதுதான் கஷ்டம். ஒரு ஆள் முன்னாடி, ஒரு ஆள் பின்னாடி நின்னு..."

நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

"பின்னாடி நின்னு?" என்றான் ரெமுஸ்.

"திரும்பிடலாம்" என்றார் அகிம்.

சிலுவை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இன்னும் இருநூறு அடி இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தெஸ்பினாம்மா பேசவில்லை, கைத்தடியை ஊன்றி நடந்துகொண்டே இருந்தார். அவர் போனால் யார்தான் போகாமல் இருப்பது? பாதிரியார் அகிமைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு அவர் பின்னால் போனார். நானும் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி இருந்தது. அன்றைக்குக் கிளம்பச் சொல்லத் தெரியாத வாய் இன்றைக்குச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

சிலுவையடியில் துணி விரித்துத் தட்டை வைத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காற்றே இல்லை, சுடர் ஆடாமல் நின்றது. பாதிரியார் தூபம் போட்டு ஆரம்பித்தார். சுருக்கமாகத்தான் செய்தார், பாவம். ஆனால் பெயர்ப் பட்டியலை என்ன செய்வது? தெஸ்பினாம்மா ஒரு நோட்டுப் புத்தகமே கொண்டுவந்திருந்தார். நாலு தலைமுறை ரயில்காரர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், ஞானஸ்நானத்துக்கு முன்னால் செத்த பிள்ளைகள். திதியில் ஒரு பெயரை விட்டால் அந்த ஆள் அங்கே பசியோடு நிற்பான் என்று எங்களில் நம்பிக்கை. பாதிரியார் ஒரு பக்கத்தைப் புரட்டித் தள்ளப் பார்த்தார். அந்த அம்மா விரலை நீட்டி அதைத் திருப்பி வைத்தார்.

முதல் மின்னல் எனக்குத் தெரியவில்லை, அகிம் எண்ண ஆரம்பித்ததுதான் தெரிந்தது. எங்களிடமிருந்து நாலடி தள்ளி நின்று வாய்க்குள்ளேயே எண்ணினார். இருபத்திரண்டு வந்தபோது இடி கேட்டது. இப்போது எல்லோருக்கும் கேட்டது. மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"சாமி, போதும்."

"ரெண்டு பக்கம்தான் இருக்கு அகிம். முடிச்சுடறேன்."

அடுத்தது பதினாலு எண்ணும்போதே வந்தது, இடி நெருங்கிக்கொண்டிருந்தது. அகிம் வந்து பாதிரியாரின் முழங்கையைப் பிடித்தார். ரெமுஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"திதி நடக்கும்போது சாமி மேல கையை வைக்கறியா? நாளைக்குக் காலையில உன் ஆபீஸ்ல என் கடுதாசி இருக்கும். இருந்து பாரு."

"எழுதிக்கோ. கீழ இறங்கி எழுதிக்கோ. அம்மா, நீங்களாவது சொல்லுங்க. கீழ குடில் இருக்கு, அங்க போய் முழுசா செய்யலாம், நான் பொறுப்பு."

தெஸ்பினாம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது ஏழாம் வருஷம். இதுக்கப்புறம் அவனுக்கு நான் குடுக்க ஒண்ணும் இல்ல. நடுவுல விட்டுட்டு ஓடினா அவன் என்னை என்னன்னு நினைப்பான்? இடி விழட்டும். விழுந்தா அவன்கிட்டதானே போவேன்?"

அகிம் மேற்கே திரும்பி மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். பட்டியல் முடிந்தது. பாதிரியார் கோலிவாமேல் சிவப்பு வைனைச் சிலுவையாக ஊற்றினார். கடைசிப் பாட்டுதான் பாக்கி. நான் தட்டைத் தூக்கினேன். தெஸ்பினாம்மா பிடித்தார், ரெமுஸ் பிடித்தான், அவன் பெண்டாட்டி பிடித்தாள். மற்றவர்கள் தோளைத் தொட்டார்கள். ஒன்பது பேரும் பாதிரியாரும் ஒரே சங்கிலி, முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற எஃகுக்கு அடியில்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. வெல்லத்தை மொய்க்கிற ஈக்கள் மாதிரி ஒரு ரீங்காரம், சிலுவையிலிருந்து. என் காதுத் தோடு சுருக்கென்று கடித்தது. தெஸ்பினாம்மாவின் முக்காட்டிலிருந்து வெளியே வந்த நரைமுடி தானாக எழுந்து நின்றது. யாரோ ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள், அது என்னவென்று தெரியாமல்.

"எல்லாரும் கையை எடுங்க!" என்று அகிம் கத்தினார். "கையை எடுங்க! பிரிஞ்சு ஓடுங்க!"

ஒருவரும் எடுக்கவில்லை. 'நித்திய நினைவு' ஆரம்பித்துவிட்டால் தட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்று பிள்ளைப் பருவத்திலிருந்து பழகிய கைகள். பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பாதிரியாரின் பாட்டும் நிற்கவில்லை.

அகிம் எனக்கு நேர் எதிரே வந்து நின்றார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக என் பெயரைச் சொன்னார்.

"சம்ஃபிரா. தட்டைப் பிடுங்கிக்கிட்டு ஓடு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. தட்டு போனா பின்னாலயே வருவாங்க. மேற்கால சரிவு. குழிவு தெரியும் பாரு, அங்க போ."

நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம் இருக்கும். என் மனசில் ஓடியது பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான் பாக்கி என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரே ஒரு வரியை முடித்துவிட்டு ஓடலாமே என்று. அப்படி நினைத்த மறுகணம் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு விளக்குதான் பாக்கி என்று ஜெலு சொன்னானே, அவனும் இப்படித்தான் நினைத்திருப்பான். சரி, சீக்கிரம் என்று சொன்னவரும் இப்படித்தான் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தட்டை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பின்னால் எழுந்த கூச்சலை என்னவென்று சொல்வது! திருடி என்றான் ரெமுஸ். தேவடியாள் என்றும் சொன்னான், பாதிரியார் பக்கத்தில் இருக்கும்போதே. தெஸ்பினாம்மா மகனின் பெயரைச் சொல்லி அலறினார். ஆனால் வந்தார்கள். அகிம் சொன்னபடியே எல்லோரும் தட்டின் பின்னால் வந்தார்கள். கல்லும் புல்லுமாய்ச் சரிவு, வைன் என் மார்பெல்லாம் வழிந்தது, செருப்பு ஒன்று எங்கேயோ போனது. திரும்பிப் பார்த்தபோது கடைசியாக அகிம் வந்துகொண்டிருந்தார், தோளில் தெஸ்பினாம்மா. அந்த அம்மா இரண்டு கையாலும் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தார்.

"இறக்கி விடுடா பாவி! என் பிள்ளையை நடுவுல விட்டுட்டியே!"

"அடிங்கம்மா, நல்லா அடிங்க. நான் ஒருத்தனை மேல விட்டுட்டு வந்தவன். இன்னொருத்தரை விடமாட்டேன்."

அதை அவர் எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

குழிவில் வந்து விழுந்ததும் எங்களைப் பிரித்துவிட்டார். ஆளுக்குப் பத்தடி தள்ளி, பைமேல் குந்தி, தலையைக் கவிழ்த்து, யாரும் யாரையும் தொடக் கூடாது. பாதிரியாரின் கையிலிருந்த வெள்ளிச் சிலுவையையும் தூபக்கலசத்தையும் பிடுங்கித் தூர எறிந்தார். ரெமுஸ் பெண்டாட்டியைப் போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தான். அகிம் அவனைக் காலரைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் உட்காரவைத்தார். "ஒருத்தராவது மிஞ்சணும்னா தனித்தனியா இரு" என்றார். "பத்து" என்று தலைகளை எண்ணி முடித்தார். அப்புறம்தான் தானும் குந்தினார்.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. மலையே ஒருதரம் குலுங்கியது. கண்ணை மூடியிருந்தும் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, நாங்கள் துணி விரித்திருந்த இடத்தில் துணி இல்லை, கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்திகள் உருகித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அகிம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தார், முதுகு குலுங்கியது. அப்புறம் ஆலங்கட்டி கொட்டியது. நான் தட்டின்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டேன். முதுகில் கல்லால் அடிப்பதுபோல் அடித்தது, மின்னல் சிலுவையை இன்னும் இரண்டுமுறை தாக்கியது. நான் அழுதேன். பயத்தில் இல்லை. ஜெலு கடைசியாகக் கேட்ட சத்தம் இதுதான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தோம். ஒருவருக்கும் காயம் இல்லை. குடிலுக்கு இறங்கினோம். இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெமுஸ் மறுநாள் கடுதாசி எழுதினான். புகார்தான், ஆனால் வேறு மாதிரிப் புகார். இந்த ஆள் திரும்பச் சொன்னபோது திரும்பாத எங்கள்மேல்தான் தப்பு, இவர் அட்டையில் கைவைத்தால் ரயில்வே சங்கத்தையே கூட்டிக்கொண்டு வருவேன் என்று மிரட்டல். அவன் எதையும் மிரட்டலாகத்தான் எழுதுவான் போலிருக்கிறது.

குடிலில் அடுப்புப் பக்கத்தில் மேஜையைக் காலி செய்து கொடுத்தார்கள். நான் தட்டை வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. மேலே நான் வரைந்திருந்த சிலுவை கலைந்து, சர்க்கரை கரைந்து, ஒரு பக்கம் என் நெஞ்சின் பொத்தான் தடம் பதிந்திருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். தெஸ்பினாம்மா ஒரு கரண்டி கேட்டு வாங்கி ஓரத்தைச் சமன் செய்தார்.

"யூலியானும் இப்படித்தான். எதைக் குடுத்தாலும் கசக்கிட்டு வந்து நிப்பான்" என்றார். "எங்க விட்டோம் சாமி?"

"கடைசிப் பாட்டும்மா. அது ஒண்ணுதான்."

"இருங்க. ஒரு பேர் சேக்கணும்." அவர் கண் அறையைச் சுற்றித் தேடியது. "என்னைத் தூக்கிட்டு வந்தவன் எங்க? டேய் தம்பி, ஒருத்தனை மேல விட்டுட்டு வந்தேன்னியே, அவன் பேர் என்ன?"

அகிம் கதவருகே நின்றார். தொப்பி கையில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோயில் கேட்டருகே நிற்பாரே, அதே மாதிரி. வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று பதினோரு வருஷம் முன்னால் நான்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"ஜெலு" என்றேன் நான். "ஜெலுன்னு எழுதிக்குங்க சாமி. என் வீட்டுக்காரர். விளக்கு மாத்தறவர்."

பாதிரியார் பென்சிலால் எழுதிக்கொண்டு இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தார். யூலியான், ஜெலு. தட்டைத் தூக்கினோம். எல்லோரும் வந்து பிடித்தார்கள், பிடிக்க முடியாதவர்கள் தோளைத் தொட்டார்கள். குடில்காரரும் சமையல்காரியும்கூட வந்தார்கள். ரெமுஸ் என்னிடம் ஏதோ முணுமுணுத்தான், மன்னிப்பாக இருக்கலாம். என் இடது தோளில் மட்டும் யாரும் இல்லை. அகிம் கதவைவிட்டு நகரவில்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். "அங்க நின்னு என்ன பண்றீங்க? வந்து கையை வைங்க. தட்டு கனமா இருக்கு."

வந்தார். ஆலங்கட்டித் தண்ணீரில் விறைத்துப்போன கையை என் இடது தோளில் வைத்தார். பாதிரியார் ஆரம்பித்தார், நாங்கள் தட்டை அசைத்தோம். வெளியே திரும்பவும் ஒரு இடி உருண்டது. எல்லோரும் அகிமைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் நின்று பாடினார்.